மாறிப்போன ரீல்

முதல் காட்சியிலேயே செத்துப்போன கதாநாயகன், அடுத்த காட்சியில் சிரித்துக்கொண்டே சைக்கிளில் வந்தான். "பிளாஷ்பேக்குப்பா," என்று தியேட்டரில் பக்கத்து சீட்டிலிருந்த மகன் எனக்குப் பாடம் எடுத்தான். என்னால் உட்காரவே முடியவில்லை.

பிரெஞ்சுக்காரன் காலத்தில், நான் சிறுவனாக இருந்தபோது, வில்லியனூர் டெண்ட் கொட்டகையில் செத்தவனை எழுப்பும் இந்த வேலையைத் தூக்கக்கலக்கத்தில் ஆபரேட்டரே செய்தார். கப்பல் கவிழ்ந்து செத்த புருஷன், அடுத்த ரீலில் பெண்டாட்டியோடு பாடிக்கொண்டு நின்றான். மணலில் உட்கார்ந்திருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சைகோன் பட்டாளத்துக்குப் போன அப்பாவிடமிருந்து ஆறு மாதமாகக் கடிதமே இல்லை.

"பாத்தியாடா, கடலே திருப்பிக் குடுத்துடுச்சி. உங்கப்பாவும் வந்துடுவாரு."

மறுநாள் காலை ஆபரேட்டர் என்னிடம் தலையைச் சொறிந்தார். "ரீலு மாறிப்போச்சிடா. இன்னிக்கி சரியா ஓட்டிடுவேன்."

அன்று சாயங்காலம் அம்மா அதே படத்துக்குக் கிளம்பினாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன். படம் ஊரைவிட்டுப் போகும்வரை நாலு நாள் உருண்டேன். என் நடிப்புக்குக் கிடைத்த சன்மானம் வேப்பிலைக் கஷாயம்.

ஐந்தாம் நாள் அம்மா சொன்னாள்: "போதும் எழுந்திர்றா. ரீலு மாறனது எனக்கும் தெரியும். இன்னொரு வாட்டி அப்படியே மாத்திப் போடச் சொல்லலாம்னுதான் கெளம்பினேன்."

அப்பா திரும்பவே இல்லை.

கதாநாயகன் மறுபடியும் சாவதற்குள் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.