வேலூர்த் திரையில் தெரிந்த முகம்

எண்பதுகளின் கடைசியில், ஆம்பூரிலிருந்து வேலூர் வரை பதித்த கண்ணாடி இழைக் கேபிளில் வீடியோ அனுப்பிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. ஒரு தோல் தொழிற்சாலையில், தோலை ரகம் பிரிக்கும் கொட்டகையில் கேமராவை வைத்தோம். வெளிநாட்டு வியாபாரி வேலூர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சரக்கைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

கேமராவைக் கண்டு தொழிலாளர்கள் மிரண்டார்கள். ரகம் பிரிப்பவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார்.

"சார், நம்ம மூஞ்சியெல்லாம் அங்க தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கூட்டாளி சிரித்தார். "மெட்ராஸ் டிவியே இங்க வர்றதுக்குள்ள ஒரே புள்ளி. ஆன்டெனாவத் திருப்பித் திருப்பி பேஜாராவுது. வேலூர்ல உன் மூஞ்சி இன்னா தெரியப் போவுது, பாய்?"

தூரம் கூடினால் படம் மங்கும் என்பது அங்கே எல்லோரும் தினமும் கண்டது. கண்ணாடி இழையில் அப்படி மங்காது என்று எனக்குத் தெரியும். யாரும் முரண்டு பிடிக்காமல் இருந்தால் போதுமென்று, "ஆமா, மங்கலாத்தான் இருக்கும்" என்றேன்.

அந்தப் பெரியவருக்குக் கண்ணில் புரை. கூட்டாளி மெல்ல "கீறல்", "உண்ணிக் கடி" என்று சொல்லச் சொல்ல, அவர் தோலை அந்தந்த அடுக்கில் போடுவார். இது எனக்கு அப்போது தெரியாது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேபிள் இழுத்த நாட்களிலேயே பார்த்திருந்தேன்.

வேலூரில் திரை ஒளிர்ந்தபோது தோலின் மயிர்த்துளைகள்கூடத் தெரிந்தன. வியாபாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பெருமையில், ஆம்பூரில் கேமராவைப் பிடித்திருந்தவரிடம் போனில், "இன்னும் கிட்டப் போங்க" என்றேன். படம் பெரியவரின் கைகளிலிருந்து முகத்துக்கு ஏறியது. தோல் அவர் மூக்கில் இடித்துக்கொண்டிருந்தது. விழிகளில் வெள்ளை. கூட்டாளியின் உதடு அசைந்தது, பெரியவர் தலையாட்டினார்.

வியாபாரியின் சிரிப்பு நின்றது.

"கண்ணு தெரியாதவனா என் சரக்கப் பிரிக்கிறான்?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி. அந்த அறையில் அன்று என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. நான் பேசவில்லை.

மறுநாள் கேமராவைக் கழற்றப் போனேன். இரண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே, கூட்டாளியின் தோளைப் பிடித்தபடி பெரியவர் நின்றிருந்தார்.

"மங்கலா இருக்கும்னீங்களே, சார்."

"நெனச்சதவிட நல்லா வந்துடுச்சு" என்றேன்.

அதுவும் பொய். நினைத்தபடிதான் வந்திருந்தது. அதன்பின் எந்தத் தொழிற்சாலையும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.