லாபம் சேர்த்த சாம்பார்

மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபோது, திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலைத் தெருவே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஒருத்தர் ரசம், ஒருத்தர் எரிசேரி, இன்னொருத்தர் புளிசேரியோடு கொஞ்சம் அறிவுரையும். எல்லாம் அன்புதான். ஆனால் சாப்பாடு வந்த பாத்திரத்தை எங்கள் தெருவில் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

காலை நீட்டிப் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவளோ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்கு வந்துவிடுவாள்.

"எத்தனை நாள் சர்க்கரையையே போட்டுக் குடுக்கறது? ஒரு கேசரியாவது கிண்டறேன்."

"நீ படு. நான் கிண்டறேன்."

கிண்டினேன். எதிர்வீட்டு மாமி பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இது எதை ஒட்டறதுக்குடா?" என்றாள். மறுநாளிலிருந்து மனைவியே மறுபடி அடுப்படியில் நின்றாள். முட்டி வீங்கிவிட்டது.

பயந்துபோய், பின்தெருவில் மெஸ் நடத்தும் திருநெல்வேலிக்கார அக்காவிடம் ஓடினேன்.

"இதுல எனக்கும் லாபம் உண்டு சாரே. பொறவு கூடுதல்னு சொல்லப்பிடாது" என்றார் அவர்.

சர்க்கார் ஆபீஸில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் லாபத்தைத் திட்டியவன் நான். எங்கள் ஆபீஸுக்கு லாபம் வந்ததே இல்லை என்பதால் அது சுலபமாக இருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

தெருவில் எல்லோரிடமும், சாப்பாட்டுக்கு ஏற்பாடாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அக்காவின் கேரியர் நிறைந்து வந்தது, காலியாகப் போனது. உப்புக் குறைந்தால் வாசலிலேயே சொல்ல முடிந்தது. அதே தெருவில் இருக்கும் என் சித்தி கொடுத்தனுப்பிய ரசத்தைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியுமா?

சில வாரம் கழித்து அக்கா உள்ளே வந்து மனைவியைப் பார்த்தார். அக்காவின் முகம் வாடிவிட்டது.

"மாமி இப்படிக் கெடக்கையில லாபம் வாங்க மனசு வரல சாரே. இனி சாமான் செலவ மட்டும் தாங்க."

நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து சத்தம்.

"வேண்டவே வேண்டாம்! லாபத்தை எடுத்துக்கோங்கோ. இல்லேன்னா உங்க கேரியர்லயும் நான் ஏதாவது போட்டுக் குடுக்கணும். என்னை எழுந்திருக்க வெச்சுடாதேங்கோ!"

அக்கா சிரித்தார். "சரி, லாபத்தோடயே தாரேன். நீங்க பேசாமப் படுங்க."

அவள் படுத்தாள். இப்போது கோவிலுக்கு நடந்தே போய்வருகிறாள். அக்காவுக்கு எங்களால் எவ்வளவு லாபம் கிடைத்ததோ, நான் கேட்கவில்லை. கூடுதலாகவே கிடைத்திருக்கட்டும்.