அம்மா மெதுவா பேசுன கேசட்

கப்பல் வேலைக்குப் போன அப்பாவுக்கு அம்மாவும், அப்பாவோட அக்காவும் பேசி அனுப்புன பழைய கேசட்டை இன்னிக்கு கம்ப்யூட்டர்ல ஏத்திகினு இருந்தேன்.

சவுண்டை ஏத்துனா அத்தை காதைக் கிழிக்குது. கொறச்சா அம்மாவைக் காணோம். காலைலேர்ந்து இதே பேஜாரு.

கடுப்புல, அம்மா பேசுற எடத்தை மட்டும் புடிச்சி ஃபுல்லா ஏத்தி வுட்டேன்.

"உங்க அக்கா தொல்லை தாங்கலங்க. கொழம்புல கீற மீனையெல்லாம் அவங்களே பொறுக்கித் தின்னுடுறாங்க!"

தெருவுக்கே கேட்டுச்சி.

அம்மா கிச்சன்லேர்ந்து ஓடியாந்துச்சி. "அண்ணிக்குக் கேக்கக் கூடாதுன்னுதாண்டா அன்னிக்கு மெதுவா பேசுனேன்!"

ஹால்ல டீ குடிச்சிகினு இருந்த அத்தை கிளாசைக் கீழ வெச்சிச்சி. "இன்னொரு தபா போடு நைனா. சரியா கேக்கல."

கேசட்ல இன்னொரு பக்கம் பாக்கி கீது. அதுல அம்மா இன்னும் மெதுவா பேசுது.

இன்னா பண்றது, சொல்லுங்கப்பா.