சுபாஷினியின் தூக்குச் சட்டி

சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் சுபாஷினிக்கு நன்றி சொல்ல ஆள்தான் வேண்டும் என்பதில்லை. லிஃப்ட் வேலை செய்தால் லிஃப்டுக்கு ஒரு நன்றி. கிளினிக்கில் கொடுத்த மாத்திரைக்குத் தினமும் ஒரு நன்றி. "அப்படியே ஃபேனுக்கும் ஒரு தேங்க்யூ சொல்லிரு," என்று லாரி ஓட்டும் அவள் புருஷன் வேலு கிண்டல் செய்வான். அவள் ஃபேனையும் விட்டுவைப்பதில்லை.

சில வருஷங்களுக்கு முன் அந்த ஃபேனைப் பார்த்தபடியேதான் அவள் கிடந்தாள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஓடியாடி வேலை பார்த்தவள், ஒருநாள் பஸ் ஏற மனசில்லாமல் வீட்டுக்குத் திரும்பினாள். அப்புறம் குளிக்கவும் மனசு வரவில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று பெயர் சொல்லி மருந்து கொடுத்தார். சொந்தக்காரர்களோ, "சும்மா படுத்துக் கெடந்தா அப்படித்தான் இருக்கும்," என்று போனிலேயே வைத்தியம் பார்த்து முடித்தார்கள். மருந்து வேலை செய்தது. தூக்கம் வந்தது, பசி வந்தது. கதவைத் திறந்து ஒரு மனுஷ முகத்தைப் பார்க்கும் தெம்பு மட்டும் வரவில்லை.

நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம், அதே மாடியில் இருக்கும் நூர்ஜான் அக்கா, பள்ளிவாசலில் வாங்கி வந்த கஞ்சியை ஒரு தூக்குச் சட்டியில் ஊற்றி, சுபாஷினி வீட்டு வாசல் கிரில்லில் மாட்டிவிட்டுப் போனாள். மணியும் அடிக்கவில்லை, நலமும் விசாரிக்கவில்லை. கஞ்சியைக் குடித்துச் சட்டியைக் கழுவிய பிறகுதான் சிக்கல். சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் சுபாஷினி பிறந்த வீட்டில் கிடையாது. சமையலறையைத் துழாவினாள். சீனி டப்பா ஒன்றுதான் கைக்குத் தட்டுப்பட்டது. மறுநாள் அந்தி சாய்ந்ததும், சட்டியில் சீனியைக் கொட்டிக்கொண்டு, தலைகூட வாராமல் நூர்ஜான் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"நல்ல வேளை, வீட்டுல சீனி முடிஞ்சிருச்சு. உள்ள வா, தே கலக்குறேன்," என்றாள் நூர்ஜான்.

பச்சைப் பொய். மேசைமேல் சீனி போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்ததைச் சுபாஷினி பார்த்தாள். பார்த்தும் உட்கார்ந்தாள். அன்று குடித்த தேநீரை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கண் கலங்கும்.

தேறி, மறுபடி வேலைக்குப் போனதும் அவள் செய்த முதல் காரியம், சொந்தமாகத் தூக்குச் சட்டிகள் வாங்கியது. எந்த வீட்டுக் கதவு ரொம்ப நாளாகச் சாத்தியே கிடக்கிறதோ, அந்தக் கிரில்லில் சாம்பார் சாதமோ மீகூனோ மாட்டினாள். சட்டி திரும்பி வரும், கூடவே ஆளும் வரும். வாழைப்பழம் வந்தது, பிஸ்கட் வந்தது, ஒரு வீட்டிலிருந்து மருமகளைப் பற்றிய முழுப் புராணமும் வந்தது. எல்லாவற்றையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள்.

மேல்மாடி அப்புத்துரை ஐயாவிடம்தான் இது பலிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ரிட்டயரானவர். மனைவி இறந்த பிறகு புக்கிட் மெர்தாஜாம் வீட்டை விட்டுவிட்டு இங்கே தனியாக வந்து சேர்ந்தவர். முன்பெல்லாம் காலையில் பேப்பர் வாங்கவாவது கீழே இறங்குவார். சுபாஷினி சட்டி மாட்டிய பிறகு அதுவும் நின்றுபோனது. சட்டியும் திரும்பவில்லை.

அவளுக்குத் தூக்கம் கெட்டது. அடுத்தவர் தனிமையைத் தீர்க்க நான் யார் என்ற எண்ணம் வந்து, பழைய சோர்வு மறுபடி எட்டிப் பார்த்தது. பயந்துபோனாள். "இனிமே யார் வீட்டுக்கும் சட்டி மாட்ட மாட்டேன்," என்றாள் வேலுவிடம்.

"அந்த ஐயாவுக்கு என்னமோ ஆச்சு. குப்பை போட வந்தவரு, என்னைப் பாத்ததும் பையோட உள்ள ஓடிட்டாரு. நம்ம வீட்டுல திருடுன மாதிரி லா," என்றான் அவன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்பே பற்ற வைக்காத மனுஷர் அவர். வீட்டுச் சாப்பாடு வந்த சட்டியில் கடைப் பண்டத்தைப் போட்டுக் கொடுப்பது மரியாதை இல்லை என்று நினைக்கும் பழைய ஆள். வேறு எதைப் போட்டுத் திருப்புவார்? அவரை வெளியே இழுக்கப் போய், உள்ளே வைத்துப் பூட்டியது அவளுடைய சட்டிதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாசாரிலிருந்து நேராக அவர் வீட்டுக்கே போனாள். அன்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. படியேறி, மூச்சு வாங்க நின்று கூப்பிட்டாள்.

"ஐயா, நான்தான் சுபாஷினி. சட்டி வேணும்."

உள்ளே செருப்புச் சத்தம் வந்து நின்றது. கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"கழுவி வச்சிருக்கிறன் பிள்ளை. வெறுஞ்சட்டியா எப்பிடித் தாறது? அவ இருந்திருந்தா ஏதாவது செஞ்சு..."

"லிஃப்ட் ரோசாக் ஐயா, படியேறி வந்தேன். நாக்கு வறளுது. அந்தச் சட்டியில தண்ணி ஊத்திக் குடுங்க, போதும்."

செருப்புச் சத்தம் உள்ளே போனது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கிரில் பூட்டு திறந்தது. பளபளவென்று தேய்த்து வைத்திருந்த சட்டியை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். சுபாஷினி வாசலிலேயே உட்கார்ந்து அண்ணாந்து குடித்தாள்.

"இன்னும் வேணுமா பிள்ளை?" என்று கேட்டார். அவள் வந்து நின்றதிலிருந்து இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுக்குத் தாகம் தீர்ந்திருந்தது. நூர்ஜான் அக்காவின் நிறைந்த சீனி போத்தலுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டாள்.

"வேணும் ஐயா," என்று சட்டியை நீட்டினாள்.

அவர் கிரில்லைச் சாத்தாமல் உள்ளே போனார்.