இடதுபக்கம் எழுதிய அக்கா

செம்பாக்கத்திலிருந்து சேகர் போன் செய்தான். "அண்ணா, பிலோமினாக்கா பூட்டாங்க."

அன்று துக்கம்தான் இருந்தது. கோபம் வந்தது ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்தில். எங்கள் பழைய நண்பர் தியாகராஜன் மைக்கைப் பிடித்து, "பாவம், அக்காவுக்கு இலக்கியமெல்லாம் தெரியாது. யார் எதை எழுதினாலும் தட்டிக்கொடுப்பார்" என்றார். கைதட்டல் வேறு! தட்டிக்கொடுத்தாராமே! அக்காவைத் தெரிந்த நீங்களெல்லாம் எப்படி ஐயா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் காலை ரயிலைப் பிடிக்கும் நாங்கள் ஏழு பேர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு நீள நோட்டு, கை மாறிக்கொண்டே இருக்கும். வலதுபக்கம் கதை, இடதுபக்கம் மற்றவர்கள் கருத்து. டெலிபோன் ஆபரேட்டரான அக்கா கதை எழுதியதே இல்லை. இடதுபக்கம் மட்டும்தான்.

பல்லாவரத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த சேகர் தன் முதல் கதையை எழுதினான். சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு தாய், மதியம் டிபன் டப்பாவோடு தள்ளிப் போய் உட்காருகிறாள். அவ்வளவுதான் கதை. தியாகராஜன் இடதுபக்கத்தில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினார்: "இதெல்லாம் ஒரு கதையா? பேசாமல் லேத்தைப் பார்." மறுநாள் முதல் சேகர் வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தான்.

அக்கா அந்தப் பெட்டிக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"ஏம்ப்பா, அந்தம்மா டப்பாவைத் திறக்கவே இல்லியே, ஏன்? நேத்துலேர்ந்து அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"அதுல சோறு கெடையாதுக்கா. நாலு பேர் பாக்கணும்னு சும்மா எத்துக்கினு போவாங்க."

"அட, அதை எங்கப்பா எழுதினே? எழுது!"

குரோம்பேட்டை வருவதற்குள் நோட்டை அவன் மடியில் வைத்துவிட்டார். எழுதினான். இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

தியாகராஜனையும் அக்கா விடவில்லை. "இதைப் படிச்சிட்டு அவன் எந்த வரியைத் திருத்தணும் சார்? காட்டுங்க." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்ப நீங்க அவனுக்காக எழுதல. உங்க மேதாவித்தனத்தை எங்ககிட்ட காட்டிக்க எழுதியிருக்கீங்க." இதற்குப் பெயரா தட்டிக்கொடுப்பது?

கூட்டத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் கத்திவிட்டுத்தான் வந்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு வரிகளை ரயிலில் உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தவன் நான். சேகர் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வெட்கம்தான்.

சேகர், இதை நீ படிப்பாய். என்னை மன்னித்துவிடு.