பதில் ராசாவின் கதிரை

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தாலும் முதலில் அழுவது நானாகத்தான் இருக்கும். ஆனால் எண்பதுகளின் நடுவில், ஒன்பது வயதில், ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில், ஒரு வாடகை வீட்டில் நான் பட்ட பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பயத்தை எனக்குத் தந்தவர்கள் பாபிலோன்காரர்.

அந்தப் பள்ளித் தவணை முழுக்க எங்கள் வகுப்பில் சுமேரியரும் அக்காடியரும் பாபிலோனியரும்தான். டீச்சருக்கு அவர்களில் அப்படியொரு பைத்தியம். முட்டை மட்டைகளை அடுக்கி ஒட்டி, படிப்படியாக உயரும் ஒரு கோயில் செய்தோம். களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, ஐஸ்கிரீம் குச்சியின் முனையைச் சீவி, ஆப்பு ஆப்பாகக் குத்தி எழுதினோம். செம்மறியின் ஈரலைப் பார்த்து நாட்டுக்கு வரப்போவதைச் சொல்வார்கள் என்று டீச்சர் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அது பெரிய புதினமாகப் படவில்லை. விருந்தாளி வருவதைச் சொல்ல ஆக்லாந்தில் காகமும் இல்லை, சகுனம் சொல்லப் பல்லியும் இல்லை என்பது எங்கள் அம்மாவின் தீராத குறை.

அந்த நேரம் அப்பாவுக்கு ஏழரைச் சனி என்று ஊர்ச் சாத்திரியார் சொல்லிவிட்டிருந்தார். அம்மா பயந்துகொண்டிருந்தது போலவே அப்பா ஒரு காலையில் இரத்தமாகச் சத்தி எடுத்தார். வயிற்றில் புண், குறைந்தது ஒன்றரை மாதம் படுக்கையில் இருக்க வேண்டும், ஆறிய கஞ்சியைத் தவிர வேறொன்றும் ஆகாது என்றார் டொக்டர். அப்பா வேலை செய்தது புக்கெகோஹியில், வெங்காயத்தைத் தரம் பிரித்து மூட்டை கட்டும் கொட்டகையில். சேர்ந்து கொஞ்சக் காலம்தான். அந்த வேலையைக் காட்டித்தான் எங்களுக்கு விசா. வேலை போனால் விசா போகும், விசா போனால் நாங்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்ப வேண்டும். இதைத்தான் அம்மாவும் அப்பாவும் குரலைத் தாழ்த்தித் தாழ்த்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் அப்போது என்ன நடக்கிறதென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ரேடியோவில் இலங்கை என்ற சொல் வந்தால் அம்மா ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது விசிட்டர் விசாவில் எங்களோடு வந்து நின்றார். வீட்டில் சிரிப்பு என்று ஒன்று இருந்தால் அது மாமாவால்தான். தோளை ஒரு பக்கம் சரித்து அப்பா மாதிரியே நடந்து காட்டுவார். அன்று பின்னேரமும் அப்படியே நடந்துகொண்டு வந்து, அப்பாவின் கட்டிலருகே நின்று, "அத்தான், உங்கட கோட்டைத் தாங்கோ. நாளைக்கு நான் போறன்" என்றார்.

அப்பா மாட்டேன் என்றார். "பிடிபட்டால் உன்னைப் பிளேன் ஏத்திவிட்டிடுவாங்கள், தம்பி."

"பிடிபட்டால் பாப்பம். அந்த வெள்ளைக்காரனுக்கு உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியப்போறதில்லை."

தெரியாதுதான். அப்பாவின் நீண்ட பெயர் வாயில் நுழையாமல் மேற்பார்வையாளர் அவருக்கு 'சாம்' என்று பெயர் வைத்திருந்தார். சாம் என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். விடிய, வேலையாட்களை ஏற்றிப் போகும் வான் வந்தபோது அப்பாவின் கோட்டும் அப்பாவின் பூட்ஸும் சாம் என்ற பெயருமாக மாமா ஏறிப் போனார். கூட வேலைக்குப் போகிற நம்மவர் ஒருவர்தான் வானை ஓட்டினார். அவர் வாயைத் திறக்கமாட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் மாறிப்போனது. அப்பா பின்னறையில், திரைச்சீலை இழுத்து மூடியபடி. யாரும் வந்து கேட்டால் அப்பா வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்கு மூன்று தரம் சொல்லித் தந்தார். சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் கைபிடி வைத்த அப்பாவின் கதிரை இருந்தது. மாமா களைத்து வருகிறார் என்று அம்மா அவரை அதில் இருத்தி முதல் சோற்றை அவருக்கே போட்டார். எனக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும்.

அன்று டீச்சர் சொன்ன கதை இது. சந்திரனுக்குக் கிரகணம் பிடித்து, ராசாவின் உயிருக்கு ஆபத்து என்று குறி காட்டினால், பாபிலோனில் ராசாவை ஒளித்துவிடுவார்கள். அந்த நாட்களில் அவரை ராசா என்று கூப்பிடவும் மாட்டார்கள், 'உழவன்' என்றுதான் சொல்வார்கள். வேறொரு ஆளைப் பிடித்து, ராசாவின் உடுப்பைப் போட்டு, சிம்மாசனத்தில் இருத்தி, நல்ல சாப்பாடு கொடுப்பார்கள். வருகிற கேடு ஆள் மாறி அவன் தலையில் விழட்டும் என்று. ஆபத்துக் காலம் முடிந்ததும் அந்தப் பதில் ராசாவைக் கொன்றுவிட்டு, உண்மை ராசா வெளியே வந்து தன் கதிரையில் இருப்பார்.

நான் மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினேன். உடுப்பு, கதிரை, முதல் சோறு, பெயர் மாறி ஒளிந்திருக்கும் ராசா. ஒன்று விடாமல் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. செய்கிறவர்களுக்குத்தான் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியவில்லை.

டீச்சர் அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகளைச் சிரிக்கவைக்க இன்னொன்றும் சொன்னார். ஈசின் என்ற ஊரில் ஒரு தோட்டக்காரனை இப்படிப் பதில் ராசாவாக இருத்தினார்களாம். ஒளிந்திருந்த உண்மை ராசா அரண்மனைக்குள் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி குடித்துச் செத்துப்போனாராம். தோட்டக்காரன் எழும்பவேயில்லை, அவனே ராசாவாகிவிட்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் பேயறைந்த மாதிரி இருந்தேன். எங்கள் வீட்டுப் பின்னறையில் அப்பா குடிப்பதும் கஞ்சிதானே.

மணி அடித்ததும் டீச்சரின் மேசைக்குப் போய், இரண்டு பேரும் தப்பின கதை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பேனையைக் கன்னத்தில் வைத்து நல்லாக யோசித்தார். தனக்குத் தெரிந்து இல்லை என்றார். ஏன் கேட்கிறாய் என்று கேட்டபோது நான் ஓடிவந்துவிட்டேன். வீட்டுக் கதையை வெளியில் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

அப்பாவும் வேண்டும், மாமாவும் வேண்டும். அதற்கு நான் கண்ட வழி இரண்டு. ஒன்று, கஞ்சியை ஆறவைப்பது. அம்மா கோப்பையை எடுத்தவுடனே நான் பாய்ந்து வாங்கி, ஊதி, இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றி, விரலை வைத்துப் பார்த்து, அதன் பிறகும் நம்பிக்கை வராமல் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜுக்குள் வைத்துத்தான் அப்பாவிடம் கொண்டுபோவேன். அப்பா குடித்து முடிக்கும் வரைக்கும் அவருடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் மத்தியானக் கஞ்சியை நினைத்து ஒரு பாடமும் ஏறாது. அம்மாவுக்கோ பெருமை பிடிபடவில்லை. "தேப்பனிலை எவ்வளவு கரிசனை பாருங்கோ" என்று வானோட்டியிடம் கூடச் சொன்னார்.

மற்ற வழி, மாமாவை அந்தக் கதிரையில் இருக்கவிடாமல் செய்வது. பின்னேரம் வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் என் புத்தகப் பையைக் கொண்டுபோய்க் கதிரையில் வைப்பேன். அம்மா தூக்கி எறிவார். ஈரத் துவாயைப் போடுவேன். அதற்கும் ஏச்சு. "மாமா நாள் முழுக்க நிண்டு வேலை செய்திட்டு வாறார், அவருக்கு இருக்க இடமில்லாமல் உன்ரை பைக்கு ஒரு கதிரையோ? எடு அங்காலை." நான் எடுப்பேன். மாமா வெங்காய மணத்தோடு வந்து அப்பாவின் கதிரையில் சாய்வார்.

ஒரு ஞாயிறு பொறுக்கமுடியாமல் மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின் வளவில் அப்பாவின் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கேட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்தத் தோட்டக்காரனுக்குத் தெரியுமோ, முடிவிலை என்ன நடக்குமெண்டு?"

"தெரியாது மாமா. தெரிஞ்சால் இருப்பானோ?"

"இருப்பான் குஞ்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதிரை நல்ல சொகுசாயெல்லே இருக்கு" என்று கண்ணடித்தார். எனக்கு அழுகையாக வந்தது. இந்த மனுசனுக்கு எதுவும் விளங்காது, இவரையும் நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன்.

அப்பா தேறத் தொடங்கினார். கண்ணில் ஒளி வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படி வரைக்கும் வந்தார். இன்னும் ஒரு கிழமையில் வேலைக்குப் போய்விடலாம் என்றார். எல்லோருக்கும் சந்தோசம், எனக்கு மட்டும் இல்லை. ஆபத்துக் காலம் முடியப்போகிறது என்றால் மாமாவின் முறை வரப்போகிறது.

அந்தக் கிழமைதான் நான் பயந்தது வந்தது. ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சேர்ந்த நேரம் வானோட்டி தனியாக வந்து வாசலில் நின்றார். நான் அம்மாவின் சட்டைக்குப் பின்னால் நின்று கேட்டேன். விசா பார்க்கிற ஆட்கள் கொட்டகைக்கு வந்தார்களாம். ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார்களாம். சாம் என்றோ அப்பாவின் பெயரையோ மாமா சொல்லவில்லை. தன் சொந்தப் பெயரைச் சொன்னார். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது, அவர் படுக்கையில் கிடக்கிறார், கோட்டைத் தானே எடுத்துக்கொண்டு இன்றைக்கு மட்டும்தான் வந்தேன் என்று ஒரே பிடியாக நின்றாராம். மேற்பார்வையாளரும் ஓம் என்று தலையாட்டிவிட்டார். அவருக்கு வெங்காய மூட்டை ஏற வேண்டும், வேறொன்றும் வேண்டாம். ஒரு கிழமைக்குள் மாமா நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவின் விசாவைத் தொடவில்லை.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். "அவரை அடிச்சாங்களோ?" என்று நான் கேட்டேன். இல்லை என்றார் வானோட்டி. "கொல்ல மாட்டாங்களோ?" "சீச்சீ, என்ன கதை பிள்ளை, ஊருக்குத்தானே அனுப்புறாங்கள்." எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவ்வளவு நாளும் நெஞ்சில் ஏறி இருந்த பாபிலோன் இறங்கிப் போனது.

விமான நிலையத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. நல்ல குளிர். மாமா அங்கேயும் அப்பாவின் கோட்டைத்தான் போட்டிருந்தார். உள்ளே போகிற நேரம் அதைக் கழற்றி, மெலிந்து நின்ற அப்பாவின் தோளில் போட்டுவிட்டார். அப்பா வேண்டாம், வேண்டாம் என்று திருப்பித் திருப்பிக் கொடுத்தார். "கொழும்பு வெக்கைக்கு இதென்னத்துக்கு அத்தான்" என்றார் மாமா. ராசாவின் உடுப்பு ராசாவிடம் போய்விட்டது, தோட்டக்காரன் உயிரோடு நிற்கிறான். நான் கைகொட்டித் துள்ளினேன். அம்மா என் தோளில் நுள்ளினார். "நுள்ளாதையுங்கோ அக்கா," என்று மாமா சொன்னார், "ஒராளாவது சிரிச்சு வழியனுப்பட்டும்." நானும் கண்ணாடிக் கதவு மூடும் வரைக்கும் சிரித்துக்கொண்டே கை காட்டினேன்.

திங்கட்கிழமை டீச்சரிடம் போய், இரண்டு பேரும் தப்பின கதை ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். அப்படியா, எந்த ஊரில் என்று கேட்டார். பெயரை மறந்துவிட்டேன் என்றேன். நல்ல கதையாக இருக்கிறதே என்றார் அவர். அன்றைக்கு எனக்கிருந்த பெருமை வாழ்க்கையில் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

சில மாதம் கழித்து ஒரு விடியப்புறம் போன் வந்தது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில் ஒரு பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கினார்கள் என்பதும், மாமாவும் அந்தப் பஸ்ஸில்தான் இருந்தார் என்பதும், இறக்கியவர்களில் ஒருவரும் வீடு போய்ச் சேரவில்லை என்பதும் எனக்குத் தெரியவந்தது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு. அந்தக் காலையில் மாமாவுக்குச் சுகமில்லையாம் என்று மட்டும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அன்றைக்கு வேலையால் வந்த அப்பா மேசையருகே வந்து, தலைமாட்டுக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கத்தில், நீளப் பலகை வாங்கில் வந்து இருந்தார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. சும்மாதானே கிடக்கிறது என்று நான் என் புத்தகப் பையை அதில் வைக்கத் தொடங்கினேன். அம்மா பார்த்தார். எடு அங்காலை என்று சொல்லவேயில்லை.