தெரியாதவர் வீட்டுச் சுவர்

வங்காலைக்குப் போகும் பேருந்தில் என் மடியில் எப்போதும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு இருக்கும். ஒருநாள் நடத்துநர் அதைப் பார்த்து, "வெளுக்கக் குடுக்கப் போறீங்களோ அம்மா?" என்று கேட்டார். ஓவியங்களைப் படம் பிடிக்கப் போகிறேன் என்றால் மன்னார்ப் பாலம் முடியும்வரை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை அவர், "இன்னும் வெளுக்கேல்லையோ?" என்று கேட்டபோது பேருந்தே சிரித்தது.

கொழும்பில் ஓர் அச்சகத்தில் நீண்ட காலம் மெய்ப்புப் பார்த்துவிட்டு, பெற்றோர் விட்டுச்சென்ற மன்னார் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். அரிப்பு என்ற ஊரில் சிப்பி ஓடுகளின் உட்புறத்தில் சித்திரம் வரையும் ஒருவர், தம் படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். பிறகு இணையத்தில் எங்கள் கரையோர ஓவியர்கள் எல்லோருக்குமாக ஒரு பக்கம் திறந்து, படைப்புகளைப் படம் பிடித்து, விவரம் எழுதி, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி, பொதி கட்டி அனுப்புவது வரை அந்த இரண்டு வரி வளர்ந்துவிட்டது. ஓவியத்தை வீட்டுக்குள் வைத்துப் படம் பிடித்தால் சுவரின் மஞ்சள் அதில் ஏறிவிடும். வெளியே நிழலில் சாய்த்து, எதிரே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தால் ஒளி மெல்லத் திரும்பி வந்து விழும். விரிப்பு அதற்குத்தான்.

வங்காலை ஓவியர் என்னைவிடச் சில வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிப்பவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஆனாலும் எங்களுக்குள் 'நீங்கள்' ஒருநாளும் குறைந்ததில்லை. மார்கழியில் நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக்கு, கோயிலில் வைக்கும் பாலன் குடிலின் பின்திரையில் உள்ள விண்மீன்கள் அவர் கீறியவை. தவக்காலத்துப் பாஸ்கா நாடக மேடையில் எழும் எருசலேம் நகரமும் அவருடையதே. ஊரில் எவரும் அவற்றை நின்று பார்த்ததாக நான் நினைக்கவில்லை. "எங்கட அக்கா கீறினது" என்பார்கள், "எங்கட கிணத்துத் தண்ணி" என்பதைப் போல. அதில் பெருமை இருந்தது, பார்வை இருக்கவில்லை.

முதல் நாளே அவர் தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் கதிரையொன்றை எனக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தாம் நின்றபடியே பேசினார்.

"எனக்கு ஒரு ஆசை இருக்கு, தங்கச்சி. என்னைத் தெரியாத ஒராள், என்ர ஊரையும் தெரியாத ஒராள், இதில ஒண்டைப் பார்த்து 'இது எனக்கு வேணும்' எண்டு நினைக்கோணும். அவையின்ர வீட்டுச் சுவரில அது தொங்கோணும். வேற ஒண்டுமில்லை."

"அப்ப காசு?"

"காசு வந்தா வேண்டாமெண்டே சொல்லப்போறன்? ஆனா காசுக்காக எண்டா வாழ்த்து மட்டை கீறி விப்பன்."

அன்று அவர் வெளியே எடுத்து வைத்த படங்களில் ஒன்றை நான் விரிப்பைப் பிடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தின் அருகே கடல் ஆழமற்றுப் பரந்து கிடக்கும் இடம். வலை கட்டும் கம்புகள் ஒரு வரிசையாகத் தொலைவு நோக்கிச் சாய்ந்து போகின்றன. இடுப்பளவு நீரில் ஒரு மனிதன் சட்டையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். ஒரு கை மட்டும் நீரைத் தொடாமல் பக்கத்தில் நீண்டிருக்கிறது. நீரின் நிறத்துக்கு எனக்குப் பெயர் தெரியாது. பச்சையும் சாம்பலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்த ஒரு நிறம். கொழும்பில் விடுதி அறையின் யன்னலருகே நின்று, கண்ணை மூடி, பலமுறை நான் வரவழைக்க முயன்று தோற்ற நிறம் அது. ஊருக்கு வரும் கடைசிப் பேருந்து பாலத்தில் ஏறும் மாலைப் பொழுதின் நிறம் என்று எனக்குள் அதை வைத்திருந்தேன்.

அந்தப் படம் எனக்கு வேண்டும் என்று அந்தக் கணமே நினைத்தேன். என்னால் வாங்கவும் முடிந்திருக்கும். ஆனால் அவர் சற்று முன்புதான் தம் ஆசையைச் சொல்லியிருந்தார். ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் நான் அவரைத் தெரிந்தவளாகிவிட்டிருந்தேன்.

இணையப் பக்கத்தில் அக்காவின் படங்களை ஏற்றிய முதல் மாதங்களில் நடந்ததெல்லாம் உறவு கொண்டாடல்தான். இதயக் குறிகளும் கைகூப்புக் குறிகளும் குவிந்தன. ரொறன்ரோவில் இருந்து ஒரு பழைய மாணவி, "டீச்சர், நீங்கள் அண்டைக்கு மாதிரியே இருக்கிறீங்கள்" என்று எழுதினாள். படத்தில் டீச்சர் இல்லை, கடல்தான் இருந்தது. நான் எழுதிய விவரங்களும் உதவவில்லை. நீளமாக எழுதினேன், படித்த வாசனை அடித்தது. குறுக்கினேன். கடைசியில் அளவு, துணி, வண்ணத்தின் வகை, இடம் ஆகியவற்றோடு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டேன்: 'கரைக்கு வரும் ஒருவர்.'

கொழும்பில் ஓவியம் விற்கும் ஒருவரிடம் ஆலோசனை கேட்டேன். போரில் எல்லாவற்றையும் இழந்த பெண் என்று எழுதினால் வெளிநாட்டவர்கள் விரைவாக வாங்குவார்கள் என்றார். நான் அதை வங்காலையில் சொன்னபோது, அக்கா தூரிகையைத் துடைத்தபடி, "எல்லாத்தையும் இழந்திருந்தா இந்தப் படம் எங்கால வந்ததாம்? பாவம் பார்த்து வாங்கினா அவையின்ர சுவரில நான்தான் தொங்குவன். படம் தொங்காது" என்றார். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

ஏலம் விடும் யோசனை என்னுடையது. வேறு ஓவியர்களின் பக்கங்களில் அப்படி நடப்பதைப் பார்த்திருந்தேன். ஒரு படத்தைப் போட்டு, ஒரு வாரம் தவணை கொடுத்து, விரும்புகிறவர்கள் தாங்கள் கேட்கும் விலையைக் கீழே எழுத விடுவது. போட்டி இருந்தால் அந்நியர்களும் எட்டிப்பார்ப்பார்கள் என்று கணக்கிட்டேன். அக்காவும் சம்மதித்தார். நீரில் நடக்கும் மனிதனைப் போட்டோம்.

எங்கள் கரையில் ஏலம் என்றால் என்ன என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. திருநாள் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில், நேர்த்திக்கடனாக வந்த வாழைக்குலையும் சேவலும் தென்னங்கன்றும் ஏலத்துக்கு வரும். பொருளின் பெறுமதியை ஒருவரும் பார்ப்பதில்லை. கோயிலுக்குத்தானே என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டு, குலையைத் திரும்பவும் கோயிலுக்கே விடுவார். அது மறுபடி ஏலம் கூறப்படும். ஒரே குலை முற்றத்தை விட்டு அசையாமல் நாலைந்து பேருக்கு விலைபோகும். கொடுத்தவர்களுக்கும் நிறைவு, கோயிலுக்கும் நிறைவு.

ஏலம் தொடங்கி இரண்டாம் நாளே இணையப் பக்கத்தில் அந்தத் திருநாள் வந்துவிட்டது. பாரிசில் இருக்கும் அக்காவின் சித்தப்பா மகன் முதலில் இறங்கினார். லண்டனில் இருக்கும் மச்சாள் அவருக்கு மேலே விலையை ஏற்றினார்.

"லண்டனுக்குக் குளிரில கை விறைச்சுப்போச்சோ? ஏத்துங்கோ பாப்பம்!"

"பாரிஸ்காரர் வாயாலதான் ஏத்துவார். பூசை முடிஞ்சு காசு கேக்கேக்க ஆளைக் காணக் கிடைக்காது."

"மச்சாள், நான் மீன் ஏலம் கூறுற இடத்தில நிண்டு வளந்தவன். என்னோட போட்டி வையாதீங்கோ."

அக்காவும் நானும் என் கணினியின் முன்னிருந்து சிரித்தோம். அந்தப் பக்கம் அவ்வளவு உயிரோடு ஒருநாளும் இருந்ததில்லை. அந்தச் சந்தடிக்குள், எவருக்கும் உறவில்லாத ஒரு பெயர் இரண்டு முறை வந்தது. வடக்கே, பனி விழும் நாடொன்றின் சிறிய நகரத்திலிருந்து. ஆணா பெண்ணா என்பதும் அந்தப் பெயரிலிருந்து விளங்கவில்லை. மூன்றாம் முறை விலைக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தது: இதற்கு மேல் என்னால் இயலாது, படம் நல்ல இடத்துக்குப் போகட்டும். அதற்கு மேலே பாரிசும் கீழே லண்டனும் பகிடி விட்டுக்கொண்டிருந்தன.

பாரிஸ்தான் வென்றது. தவணை முடிந்த மறுநாள் நான் வங்காலையில் இருந்தபோது அவர் அழைத்தார். அக்கா ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அக்கா, காசு அனுப்புறன். படம் உங்களிட்டையே நிக்கட்டும். வாற மாசம் திருப்பி ஏலத்தில விடுங்கோ, மச்சாள் எடுப்பா. நாங்கள் மாறி மாறி எடுப்பம்."

"அப்ப படம்?"

"படம் எங்க போகப்போகுது? வீட்டிலதானே நிக்கும்."

அக்கா காசு வேண்டாம் என்றார். தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன், நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

"பிறத்தி இல்லை எண்டதுதானடா பிரச்சினை."

தொலைபேசியை வைத்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த படத்தின் மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டார். "பாவம், அவன் நல்லதெண்டுதான் செய்தவன்" என்றார். சற்றுக் கழித்து, "கோயில் வாழைக்குலையாக்கிப் போட்டினம், தங்கச்சி" என்றார். அவர் அழவில்லை. ஆனால் அன்று எனக்குத் தேநீர் ஊற்றும்போது சீனி போட மறந்துவிட்டார். நான் அதைச் சொல்லாமல் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த வடக்கு நகரத்துப் பெயருக்கு எழுதினேன். படம் இன்னும் இருக்கிறது, நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே தரலாம் என்று மட்டும். வாழைக்குலையின் கதையை விளக்கவில்லை. பதில் வர நாளெடுத்தது. விருப்பம்தான், ஆனால் அதற்கு முன் ஓவியரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தது: இந்தப் படத்தில் இருப்பது காலையா, மாலையா?

நான் அதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது அக்கா, "திருப்பிச் சொல்லுங்கோ" என்றார். திருப்பிச் சொன்னேன்.

"இவ்வளவு காலமும் 'வடிவாக் கிடக்கு' எண்டுதான் சொன்னவை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" என்றார். முகத்தில் ஒரு பயம்கூட இருந்தது, முதல் முறையாக யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டதைப் போல. "இப்பவே எழுதாதீங்கோ. நான் யோசிச்சுச் சொல்லுறன்."

ஞாயிறு பூசைக்குப் பிறகு அழைத்தார். "மத்தியானம் எண்டு எழுதுங்கோ. மழைக்கு முந்தின மத்தியானம். வெயில் இருக்கு, ஆனா வெளியில வரேல்லை."

எழுதினேன். நான் அதில் கண்டிருந்த மாலை அவர் கீறியதல்ல. அந்தக் கடைசிப் பேருந்தும் பாலத்து மாலையும் நான் கொண்டுபோய் வைத்தவை. ஆயினும் அதை அறிந்தபின்னும் படத்தில் எனக்கு மாலைதான் தெரிந்தது.

பொதி செய்வதற்கான பிளாஸ்டிக் குழாய் கடையில் வரும்வரை படம் என் வீட்டில் இருந்தது. சாப்பாட்டு மேசைக்கு எதிரே அதை மாட்டினேன். காலையில் யன்னல் வெளிச்சம் முதலில் கம்புகளைத் தொட்டு, பிறகு அந்த நீண்ட கைக்கு வரும். நான் மேசையில் இருந்து யாருடைய படத்துக்கோ விவரம் எழுதுவதும், நிமிர்ந்து பார்ப்பதுமாக அந்த வாரம் போயிற்று. உடைமையாக்க முடியாத ஒன்றோடு ஒரே அறையில் வாழ்வது எவ்வளவு நிறைவானதும் எவ்வளவு வருத்துவதுமாக இருக்கும் என்பதைப் புத்தகங்களில் வாசித்திருக்கிறேன். வாசித்தது எதுவும் உதவவில்லை.

சனிக்கிழமை அக்கா வந்தார். சட்டத்திலிருந்து துணியைக் கழற்றி, வண்ணம் வெளிப்பக்கமாக இருக்கும்படி சுருட்ட வேண்டும். உட்பக்கமாகச் சுருட்டினால் வண்ணத்தில் மடிப்பு விழும். அவர் ஆணிகளைப் பிடுங்க, நான் மூலைகளைப் பிடித்தேன். சுவரில் மாட்டியிருந்த இடத்தை அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்கும் பிடிச்சதோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"முதல் நாள்."

அவர் கையிலிருந்த ஆணியை மேசையில் வைத்தார். "அப்ப ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா தந்திருப்பீங்கள், அக்கா."

"ஓம்" என்றார் அவர். "தந்துதான் இருப்பன்."

மெல்லிய தாளைப் போட்டுச் சுருட்டத் தொடங்கினோம். கம்புகள் முதலில் உருண்டு மறைந்தன. பிறகு நீர். மனிதனின் கை தாளுக்கு வெளியே கடைசியாகக் கொஞ்சம் தெரிந்தது. அக்கா ஒருகணம் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, நான் தலையசைத்தபின் உருட்டினார்.

பொதி போய்ச் சேர்ந்தது என்று ஒரே ஒரு வரி வந்தது. கிடைத்தது, நன்றி, மத்தியானம்தான். அவ்வளவே. அக்கா அந்த வரியை என்னை மூன்று முறை வாசிக்க வைத்தார்.

"என்ன மாதிரிச் சுவரெண்டு கேப்பமோ?" என்று ஒருநாள் நானே சொன்னேன். "ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னா அனுப்புவினம்."

அக்கா புதிய துணிக்கு அடிவண்ணம் பூசிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவருக்கும் அந்த ஆசை இருந்ததை அவர் பூசிய இடத்தையே மறுபடி பூசியதில் கண்டேன்.

"வேண்டாம்" என்றார். "கேட்டா அவை மறுமொழி எழுதுவினம். நாங்களும் எழுதுவம். பிறகு நத்தாருக்கு வாழ்த்து வரும். தெரிஞ்ச ஆக்களாப் போயிடுவினம்."

அதன்பின் அவருடைய வேறு படங்கள் விற்றிருக்கின்றன, அந்நியர்களுக்கும்தான். ஆனால் அந்த வடக்கு நகரத்தின் பெயர் தொலைக்காட்சியில் எப்போதாவது வந்தால், செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு நிற்கிறேன். சில நிமிடங்களில் தொலைபேசி அடிக்கும்.

"பாத்தனீங்களே தங்கச்சி, அங்க இண்டைக்குப் பனி கொட்டுதாம். ஒருத்தரும் வெளியில போகேல்லையாம்."

"ஓம் அக்கா, பாத்தனான். எல்லாரும் வீட்டுக்குள்ளதானாம்."

"ஓம். வீட்டுக்குள்ளதான் இருப்பினம்" என்பார் அவர். இரண்டு பக்கமும் சற்று நேரம் எவரும் தொலைபேசியை வைப்பதில்லை.